மூன்று மணிக்குப் பூத்த மார்னிங் குளோரி

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் நர்சரி நான் போட்டது. அதற்கு முன் அங்கே லாலாங் புல் இடுப்பளவு நின்றது, பாம்புகூட வழி கேட்டுத்தான் போகும். ஆங் மோ கியோவில் ஏழு மல்ட்டி ஸ்டோரி கார் பார்க்குகளின் மாடித் தோட்டம் நான் போட்டது. எக்ஸ்பிரஸ்வே ஓரத்தில் நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் போகன்வில்லாவில் ஒரு கிலோமீட்டர் என்னுடையது. எந்தக் கிலோமீட்டர் என்று கேட்டால், நன்றாக இருக்கிற கிலோமீட்டர். மூன்று லாரி, ஒரு கிரேன் லாரி, பதினாறு ஆட்கள். எல்லாமே ஒரு புல் வெட்டும் மெஷினில் தொடங்கியது. அந்த மெஷினும் இரவல்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. இது தேறாது என்று வாத்தியார் சொன்னார், அப்பா சொன்னார், லோன் கேட்கப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரும் சொன்னார். மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னதால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். ஆங்கிலம் எனக்குச் சரியாகப் படிக்க வராது. ஆனால் லேண்ட்ஸ்கேப் டிராயிங் வாசிப்பேன். தலைகீழாகக் கொடுத்தாலும் வாசிப்பேன்.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்கள் படிக்கட்டும் என்று ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். நடந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு கொடியைப் பற்றியது. அந்தக் கொடியை எப்படி வளர்ப்பது என்பதும் இதிலேயே வரும், தனியாக யாரிடமும் கேட்க வேண்டாம்.

1. கல்லில் முளைக்கிற கொடி

ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு புது கொண்டோ, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் தோட்ட வேலை எனக்குக் கிடைத்தது. தோட்டம் போட்டுக் கொடுத்து, ஹேண்ட்ஓவர் நாளன்று கட்டியவர்கள் சுற்றிப் பார்த்துத் திருப்தி என்றால், இரண்டு வருடப் பராமரிப்பும் எனக்கே. திருப்தி இல்லை என்றால் வேறு ஆளுக்கு.

அந்தப் பராமரிப்பு வேலை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. என் பெரிய காண்ட்ராக்ட் ஒன்று அப்போதுதான் முடிந்திருந்தது. நாலு ஆட்களுக்கு ஒர்க் பெர்மிட் முடிகிற நேரம். வேலை இருந்தால் புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் டிக்கெட் போட்டு அனுப்ப வேண்டும். நாலு பேரில் முதல் ஆள் முருகேசன். புதுக்கோட்டைக்காரர், நாற்பது வயது, எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறார். செடிக்கு நல்ல கை, எனக்குக் கெட்ட வாய். அவரை அனுப்பிவிட்டு நான் யாருடன் சண்டை போடுவது?

டிராயிங்கில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. கார் வந்து நிற்கும் டிராப் ஆஃப் போர்ட்டிகோவின் சுவர் முழுக்க நீலப் பூ. பக்கத்தில் செடியின் பெயர். மத்தியதரைக் கடல் பக்கம் பாறை இடுக்கில் முளைக்கும் பைண்ட்வீட் கொடி வகை அது. அந்தத் தோட்டத்தை வரைந்த டிசைனர் ஒரு சீனப் பெண்மணி, வெளிநாட்டில் படித்தவர், நல்ல மனுஷி. இந்தச் செடிக்கு ராத்திரியானால் குளிர வேண்டும், நம் ஊர் ராத்திரி என்பது சூரியன் இல்லாத பகல், இது தாங்காது என்று அவரிடம் சொன்னேன். அவர் புன்னகையோடு தலையாட்டிவிட்டுச் செடியை ஆர்டர் செய்தார். ஒன்பதாம் நாள் வேர் அழுகியது. அவர் வந்து குனிந்து மண்ணை மோந்து பார்த்தார், பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டிராயிங் போடுகிற ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டார். அதே குடும்பத்து ஆளைச் சொன்னேன். மார்னிங் குளோரி. தமிழில் தாளி வகை. நீங்கள் பிளாச்சான் என்கிற இறால் விழுது போட்டு வதக்கித் தின்கிற கங்கோங் கீரை இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கங்கோங்கைப் பூக்க விட்டுப் பாருங்கள், அதே புனல் முகம். சர்க்கரைவள்ளியும் அதே வீடுதான். நம் வெயிலுக்குப் பயப்படாத குடும்பம். அவர் யோசித்துக் கையெழுத்துப் போட்டார்.

2. நான் போட்ட உரம்

இனி வளர்க்கிற முறை. விதையின் தோல் கல் மாதிரி இருக்கும். நகவெட்டியால் ஒரு ஓரத்தில் லேசாகக் கிள்ளிவிட்டு, ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் போட வேண்டும். காலையில் உப்பியிருக்கும். உப்பாததை மறுபடி கிள்ளுங்கள். அரை விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நாற்றைப் பிடுங்கி நடுவது இதற்குப் பிடிக்காது, நிற்கப் போகிற தொட்டியிலேயே ஊன்றிவிடுவது நல்லது. ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஏறுவதற்குக் கம்பியோ குச்சியோ வேண்டும். ஒரு முழம் ஏறியதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை அடிக்கும். வாடிய பூவை உடனே எடுத்துவிட வேண்டும். விதை பிடித்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று கொடி படுத்துவிடும். அந்த விதை விஷம், குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். பூவைப் பார்க்க ஆள் வருவதற்கு முன் கொசுவைப் பார்க்க ஆபீசர் வந்துவிடுவார். தரையில் மட்டும் நட்டுவிடாதீர்கள். பக்கத்து ஆள் நிலத்தில் போய் நிற்கும்.

பன்னிரண்டு நீளத் தொட்டிகளுக்குச் சக்கரம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பித் தட்டி நிறுத்தி, எங்கள் நர்சரியிலேயே வளர்த்தோம். கொண்டோவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் சுவர் முழுக்கக் கொடி. அதுதான் திட்டம்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஹேண்ட்ஓவருக்கு எட்டு வாரம் முன்பு எல்லாச் செடிக்கும் நன்றாக உரம் கொடுப்போம். வருகிறவர்கள் கண்ணுக்குப் பசேல் என்று தெரிந்தால் கையெழுத்துப் போடுவார்கள். முப்பது வருடமாக அப்படித்தான். இந்தக் கொடிக்கும் போட்டேன். நானே என் கையால் கூடுதலாக ஒரு பிடி போட்டேன்.

இலை வந்தது பாருங்கள். வாழை இலையில் பாதி என்று சொன்னால் முருகேசன் சண்டைக்கு வருவார், அதனால் அப்பளம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டி தெரியவில்லை, குச்சி தெரியவில்லை. பூ ஒன்றுகூட இல்லை.

முருகேசன் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"அண்ணே, பேசாம டெக்கா மார்க்கெட்ல ஒரு கீரைக் கடை போட்டுருவோம். கட்டு கட்டா விக்கலாம்."

"பூக்கும், பொறு."

"எங்க ஊரு வேலியில இந்தத் தாளிக்கு யாருண்ணே உரம் வக்கிறா? ஆடு மேஞ்சு, வெயில்ல காஞ்சு, ஒண்ணுமில்லாம கெடக்கும். பூத்துத் தள்ளும். நீங்க விருந்து வச்சுட்டீங்க. தின்னுட்டுத் தூங்குது."

எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. சோறு நிறைய கிடைத்தால் இது இலை போட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பட்டினி போட்டால்தான் பூக்கும். அன்றே மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு மணல் கலந்தோம். நல்ல தண்ணீர் விட்டு உரத்தை அடியில் ஓட விட்டோம். அதன் பிறகு இலை தொங்குகிற வரை தண்ணீர் காட்டவில்லை. பெரிய இலைகளைக் கத்தரித்தோம். நாலாவது வாரம் முதல் மொட்டு. ஐந்தாவது வாரம் காலையில் நர்சரிக்குப் போனால் பன்னிரண்டு தட்டியும் நீலம். கேட்டிலிருந்தே தெரிந்தது. முருகேசன் அன்றைக்கு முழுக்க விசில் அடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

3. ஒன்பது மணி மூன்று மணி ஆனது

கொண்டோவின் மேனேஜர் பெயர் ரவீந்திரன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, இஸ்திரி கலையாத சட்டை, இரண்டு போன். ஹேண்ட்ஓவர் காலை ஒன்பது மணி என்று அவர்தான் சொல்லியிருந்தார். ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தார்.

"அங்கிள், சின்ன சேஞ்ச் லா. கட்டுன கம்பெனி சேர்மனுக்கு காலையில வேற மீட்டிங். மத்தியானம் மூணு மணிக்கு வர்றாரு. சேம் டே. ஓகே தானே?"

ஓகே என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. மார்னிங் குளோரி. அதன் பெயரிலேயே டியூட்டி நேரம் இருக்கிறது. விடியும் முன் விரியும், பதினொரு மணிக்கு வாடிச் சுருளும். மூன்று மணிக்கு அந்தச் சுவரில் ஈரமான டிஷ்யூ பேப்பர் ஒட்டிவைத்தது மாதிரித்தான் இருக்கும். திருப்பிப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சேர்மன் நேரத்தை மாற்ற முடியாது, வேறு நீலப் பூவைக் கடையில் வாங்கி ஒட்டிவிடுங்கள் என்றார். வளர்த்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

முருகேசனிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு அந்தச் சுவரில் பூ இருந்தால்தான் பெர்மிட் என்பது தெரியும். அவர் கிண்டல் செய்யவில்லை. தன் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பினார். எங்கள் நர்சரி ஆபீஸ் வாசலில் ஒரு விளக்குக் கம்பம், அதன் கீழே மேசை, மேசைக்குப் பக்கத்தில் பன்னிரண்டாவது தொட்டி.

"அண்ணே, இந்த ஒருத்தனுக்கு மட்டும் லேட் ஷிப்ட்டு. நீங்க கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருந்தேன் என்று இங்கே எழுத ஆசைதான். கவனிக்கவில்லை. மற்றவை விடியற்காலையில் விரியும்போது இந்தத் தொட்டி மட்டும் பதினொரு மணி வரை மொட்டாகவே நிற்குமாம், அவருடைய டீ நேரம் தாண்டித்தான் விரியுமாம். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது நான். வாசல் விளக்கு டைமரில் ஓடுகிறது, ராத்திரி ஒரு மணிக்கு அணையும். ஒன்றிலிருந்து பதினொன்று, பத்து மணி நேரம். மற்ற தொட்டிகளுக்கு ஏழு மணிக்கு மேல் இருட்டு, ஐந்து மணிக்கு மேல் பூ. அதுவும் பத்து மணி நேரம். இந்தக் கொடி சூரியனைப் பார்த்து எழுவதில்லை. விளக்கு அணைந்ததிலிருந்து எண்ணிக்கொண்டே இருக்கிறது.

உடனே இரண்டு தொட்டிகளை ஜன்னல் இல்லாத கருவி அறைக்குள் தள்ளி டியூப் லைட் போட்டோம். டைமரை அதிகாலை மூன்று மணிக்கு அணையும்படி வைத்தேன். மதியம் ஒன்றுக்குக் கதவைத் திறந்தால் விரிந்திருந்தது. மறுநாள் வேறு இரண்டு தொட்டிகள், ஐந்து மணிக்கு அணைப்பு. சரியாக மூன்றுக்கு விரிந்தது. நான் படிக்காதவன், ஆனால் அன்றைக்கு எனக்கு யாராவது ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

4. தூங்குகிற பன்னிரண்டு பேர்

கொண்டோவின் பேஸ்மென்ட்டில் ஒரு பெரிய ஸ்டோர் இருந்தது. ஜன்னல் கிடையாது, நல்ல குளிர்ச்சி. முதல் நாள் மாலையே பன்னிரண்டு தொட்டிகளையும் உள்ளே தள்ளி, லைட்டையும் டைமரையும் பொருத்தி, கதவு இடுக்கெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டினோம். ஒரே ஒரு பயம். துடைப்பம், மாப் எல்லாம் அந்த ஸ்டோரில்தான் இருக்கும். கிளீனிங் ஆட்கள் யாராவது கதவைத் திறந்து லைட் போட்டால் எண்ணிக்கை கெட்டுவிடலாம், சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. அதனால் மறுநாள் ஐந்து மணிக்கு விளக்கு அணையும் முன்பே துடைப்பங்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, முருகேசன் உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். போனையும் அணைத்துவிட்டார். இருட்டில் ஒரு மனுஷன், பன்னிரண்டு கொடி.

பதினொரு மணிக்கு ரவீந்திரன் வந்தார். டிராப் ஆஃப் சுவர் மொட்டையாக இருந்ததைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், செடி எங்க?"

"கீழ தூங்குது."

"விளையாடாதீங்க லா அங்கிள். மூணு மணிக்கு சேர்மன்."

நான் விளக்குவதற்குள் அவர் படி இறங்கிவிட்டார். எனக்கு முழங்கால் வலி, பின்னாலேயே மெதுவாக இறங்கினேன். அவர் ஸ்டோர் கதவின் கைப்பிடியைத் தொட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தொறக்காதீங்க. பன்னெண்டு பேரு தூங்குறாங்க."

ரவீந்திரன் கைப்பிடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஸ்டோர்ல ஆளுங்கள தங்க வச்சிருக்கீங்களா? பன்னெண்டு பேரா? அங்கிள், எனக்கு வேல போயிடும். ஹேண்ட்ஓவர் டே அன்னிக்கா?"

"ஆளு ஒண்ணுதான் தம்பி. மத்தது எல்லாம் கொடி."

"அப்ப தொறந்து லைட் போட்டுப் பார்க்குறேன்."

"லைட் போட்டா முழிச்சுக்காது," என்றது கதவுக்குள்ளிருந்து முருகேசனின் குரல்.

படியில் உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். பத்து மணி நேரம், டைமர், ஐந்து மணி, மூன்று மணி. அவர் கேட்டுவிட்டு எழுந்தார். பூத்தால் இது மேனேஜ்மென்ட் பிளான், பூக்காவிட்டால் என்னை அவர் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது நானும் சிரித்தேன்.

இரண்டரைக்குத் தொட்டிகளை லிஃப்டில் ஏற்றிச் சுவரோரம் நிறுத்தினோம். காலையில் மட்டும் வெயில் அடிக்கும் சுவர் என்பதால் அந்நேரம் வெயில் பயம் இல்லை. மொட்டுகள் மடக்கிய குடை மாதிரி முறுக்கி நின்றன. இன்னும் அரை மணி. ஆனால் சேர்மனின் கார் இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டது. பெரிய மனிதர்களின் பிரச்சினையே இதுதான். தாமதமாக வந்தால் பரவாயில்லை, முன்னால் வருவார்கள்.

சேர்மன் என் வயதுக்காரர், சீனர். ரவீந்திரன் என்னைப் பார்த்தார். முருகேசன் மொட்டைப் பார்த்தார். நான் போய்ச் சேர்மனின் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கள் தலைமுறைக்கு மட்டும் நன்றாக வருகிற பசார் மலாயில், அந்தச் சந்தை மலாய் மொழியில், என் கதையை ஆரம்பித்தேன். பாசிர் ரிஸ் லாலாங், இரவல் மெஷின், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், எதையும் விடவில்லை. என்னைப் பற்றி நான் பதினைந்து நிமிடம் பேசுவது ஒரு சிரமமே இல்லை. ஆனால் அன்றுதான் அதை வேலையாகச் செய்தேன். சேர்மனோடு வந்திருந்த டிசைனர் அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். சேர்மனுக்கும் என் மாதிரியே ஒரு இரவல் கதை இருந்தது. அவர் ஆரம்பித்தது ஒரு சிமென்ட் வண்டியில். அதற்கு ஒரு ஐந்து நிமிடம் போனது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் என் தோளுக்குப் பின்னால் போனது. பேச்சு நின்றது. நான் திரும்பவில்லை. முருகேசன் முகத்தைப் பார்த்தேன், எனக்கு அது போதும்.

பிறகு திரும்பினேன். ஒரு மொட்டு முறுக்கு அவிழ்ந்தால் அதற்கடுத்தது அவிழ்கிறது. சுவர் முழுக்க நீலம். சேர்மன் பாகுஸ், பாகுஸ் என்று இரண்டு தடவை சொன்னார், மலாயில் அருமை என்று அர்த்தம். டிசைனர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் நர்சரிக்கே வந்து கேட்டார். டைமரைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன், நோட்டில் எழுதிக்கொண்டார்.

பராமரிப்பு வேலை கிடைத்தது. நாலு பெர்மிட்டும் புதுப்பித்தாயிற்று. அந்தக் கொடிகள் இப்போது அதே சுவரில், ராத்திரி விளக்குப் படாமல், யாரும் ஏமாற்றாமல், அவை விரும்புகிற நேரத்தில் விடியற்காலை பூக்கின்றன. ஆபீஸுக்குப் போகிறவர்கள் கார் ஏறும் முன் பார்க்கிறார்கள். வாட்ச்மேன் தினமும் படம் எடுத்து யாருக்கோ அனுப்புகிறார்.

5. இளைஞர்களுக்கும் ரவீந்திரனுக்கும்

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். செடி உங்கள் நேரத்துக்கு வர வேண்டுமானால் முதலில் அதன் நேரம் என்ன என்று பாருங்கள். நான் முப்பது வருடம் உரத்தைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், விளக்கைப் பார்க்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் பார்த்தார்.

ரவீந்திரனுக்கு நான் சொல்வது வேறு. போன மாதம் அந்தச் சுவரோரம் ஒரு எஃகுப் பலகை மாட்டியிருக்கிறீர்கள். கட்டியவர் பெயர், வரைந்தவர் பெயர், உங்கள் மேனேஜ்மென்ட் பெயர். குடியிருப்பவர்களுக்கு அனுப்பிய செய்தியில், மேனேஜ்மென்ட் குழு பூக்கும் நேரத்தைத் திட்டமிட்டு மாற்றியது என்று போட்டிருக்கிறீர்கள். படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் என் பெயர் வரவில்லை. நேரில் கேட்டபோது, காண்ட்ராக்டர் பெயர் போடுவது வழக்கம் இல்லை என்றீர்கள். ஸ்டோருக்குள் ஒன்பதரை மணி நேரம் இருட்டில் உட்காருவதும் வழக்கம் இல்லை தம்பி.

பலகையில் மூன்றாவது வரிக்குக் கீழே நாலு விரல் இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். அதில் இரண்டு வரி வர வேண்டும். பூ வளர்த்து, மூன்று மணிக்குப் பூக்க வைத்தவர்: செல்லப்பன். அதற்குக் கீழே, லேட் ஷிப்ட்டை முதலில் கண்டவர்: முருகேசன். இரண்டும் ஒரே அளவு எழுத்து. என் பெயர் கொஞ்சம் பெரிதாக இருந்தால் முருகேசன் ஆட்சேபிக்க மாட்டார், நான் கேட்டுவிட்டேன், ஆட்சேபிப்பார் போலத்தான் தெரிந்தது, அதனால் ஒரே அளவே இருக்கட்டும்.

நீங்கள் செய்யாவிட்டால் அந்தப் பலகை நாலு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. அந்தச் சுவரைப் பராமரிக்கிற காண்ட்ராக்ட் இரண்டு வருடத்துக்கு என்னிடம் இருக்கிறது.